நீரோடியில் போட்ட கல், பொழியூரில் போன மணல்

குமரி மாவட்டத்து நீரோடிக் கரையில் கடலைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம் தமிழ்நாடு, வலது கைப் பக்கம் கேரளா. நடுவே வேலியோ செக்போஸ்டோ கிடையாது. அந்தப் பக்கம் பொழியூர், இந்தப் பக்கம் நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை என்று வரிசையாகத் தூத்தூர் மண்டலத்து ஊர்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி நீரோடி அடங்கிய விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்கு வந்தபோது, பொழியூர் அடங்கிய நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றபோது, கடற்கரை ஆட்களுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் அப்படியேதான் நடக்கிறது. எங்கள் பெரியம்மாவையே பொழியூரில்தான் கட்டிக்கொடுத்தது.

போன வருஷம் ஆனி மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாற்காலிக்கும் கடலுக்கும் நடுவில் முன்பு இரண்டு வரிசை வீடும் ஒரு தென்னந்தோப்பும் இருந்தன, இப்போது ஒரு வரிசை மணல்மூட்டைதான். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்: "உங்க சர்க்காரு அங்க கல்லைப் போட்டுது, எங்க மணலு போச்சு மக்கா. நீ தமிழ்நாட்டுக்காரந்தானே, பதிலு சொல்லு." பாதி விளையாட்டு, பாதி நிஜமான கோபம். நான் என்ன பதில் சொல்ல? சாயா குடித்துவிட்டு வந்தேன். ஆனால் அந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் உண்டு. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் மணல் எப்படிப் போகிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் இது புரியாமல் மீதி எதுவும் புரியாது. அலை பெரும்பாலும் கரைக்கு நேராக வருவதில்லை, சாய்ந்துதான் வரும். சாய்ந்து ஏறும்போது மணலையும் சாய்வாகவே மேலே தள்ளும், திரும்பும்போது பள்ளத்தைப் பார்த்து நேராக இறங்கும். ஆக ஒரு மணல் துகள் ஏறின இடத்திலேயே இறங்குவதில்லை, கொஞ்சம் தள்ளி இறங்குகிறது. அடுத்த அலையில் இன்னும் கொஞ்சம் தள்ளி. இதோடு கரையை ஒட்டி ஓடும் நீரோட்டமான நீவாடும் சேர்ந்துகொள்ள, வருஷம் முழுக்க லட்சக்கணக்கான கனமீட்டர் மணல் கரையோரமாகவே நடந்துபோகிறது. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரை தென்கிழக்கிலிருந்து வடமேற்காகச் சாய்ந்து கிடக்கிறது. தெற்கேயும் தென்மேற்கேயும் இருந்து வரும் நீண்ட அலைகள் இந்தச் சாய்வில் மோதுவதால், பருவத்துக்குப் பருவம் திசை மாறினாலும் இந்த மூலையில் மொத்தக் கணக்கில் மணல் குளச்சல் பக்கமிருந்து நீரோடி பக்கமாக, அதாவது தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குப் போகிறது. பொழியூர் கரையில் நேற்று கிடந்த மணல் கொஞ்ச நாள் முன்பு வள்ளவிளையில் கிடந்த மணல். நாளைக்கு அது பூவார் பொழியில், அதாவது ஆற்று வாயில் கிடக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு, அது மேலும் கீழுமான கணக்கு. ஆனி, ஆடியில் கடல் கொந்தளிக்கும்போது கரை மணலைக் கடல் உள்ளே இழுத்துக்கொண்டு போய், கொஞ்சத் தூரத்தில் ஒரு திட்டாகப் போட்டு வைக்கும். அந்தத் திட்டில்தான் பெரிய அலைகள் முதலில் உடைகின்றன, அதாவது கரையைக் காப்பாற்றுவதே அந்த மணல்தான். கடல் அடங்கியதும் சின்ன அலைகள் அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவந்து போடும். ஆடியில் போனது ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும் என்று பெரியப்பா தலைமுறை ஆட்கள் சாதாரணமாகச் சொல்வார்கள். அவர்கள் சின்ன வயதில் பதற்றப்பட்டதே இல்லையாம். கடப்புறம் ஆடியில் ஒடுங்கும், தையில் விரியும், அவ்வளவுதான்.

பதற்றம் எப்போது வந்தது என்றால், ஒடுங்கிய கரை திரும்ப விரியாமல் நின்றபோது. அதற்குக் காரணம் ஒன்று அல்ல. மலையிலிருந்து மணல் வருவது குறைந்தது. பேச்சிப்பாறை அணை 1906-இல் முடிந்தது, பிறகு பெருஞ்சாணி, சிற்றாறு, அந்தப் பக்கம் நெய்யாறு என்று எல்லா ஆற்றுக்கும் அணை வந்தது. அணை தண்ணீரை மட்டும் தேக்குவதில்லை, மணலையும் தேக்கும். அணைக்குக் கீழே மிச்சமிருந்ததைக் குழித்துறை ஆற்றில் லாரி வைத்து அள்ளினோம். வீடு கட்ட ஆற்று மணல்தான் வேண்டும் என்று நானும்தான் அடம் பிடித்தேன், அதனால் இதில் யாரையும் தனியாகக் குறைசொல்ல மாட்டேன். மணவாளக்குறிச்சி பக்கம் இல்மனைட், மோனசைட் என்று கனிமத்துக்காகக் கரை மணலே எடுக்கப்படுகிறது. வரவு இப்படிக் குறைந்துகொண்டிருந்தபோதுதான் செலவுப் பக்கம் கல் வந்தது.

கல் மூன்று விதமாக வருகிறது. கரைக்கு இணையாக நீளமாகக் கொட்டினால் அது கடலரிப்புத் தடுப்புச் சுவர். கரையிலிருந்து கடலுக்குள் நீட்டி, நுனியைக் கொக்கி மாதிரி வளைத்தால் தூண்டில் வளைவு, கேரளத்தில் புலிமுட்டு என்பார்கள். ஆற்று வாயிலோ குடாவிலோ இரண்டு பெரிய கைகளாக நீட்டினால் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர். மூன்றும் பார்க்க ஒரே கருங்கல் குவியல்தான். செய்யும் வேலையும் அதனால் வரும் கேடும் வேறுவேறு.

சுவரை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதுதான் அதிகம். கேரளத்தின் கடற்கரை சுமார் 590 கிலோமீட்டர், அதில் பாதிக்கு மேல் கல் போட்டாகிவிட்டது. இங்கே குமரியிலும் 2004 சுனாமிக்குப் பிறகு ஊர் ஊராகக் கல் இறங்கியது. மணல் கரையில் ஏறும் அலை மெல்ல மெல்லத் தன் வேகத்தை இழக்கிறது. தண்ணீரில் ஒரு பங்கு மணலுக்குள் இறங்கிவிடும், திரும்பிப் போவதில் வேகம் குறைந்திருக்கும். கல்லில் மோதும் அலைக்கு அந்த வசதி இல்லை. வந்த வேகத்தில் பெரும்பகுதியோடு திரும்பி, சுவரின் அடியில் இருக்கும் மணலைக் குடைந்து எடுத்துக்கொண்டு போகிறது. அடிமணல் போகப்போக சுவருக்கு முன்னால் ஆழம் கூடுகிறது, ஆழம் கூடினால் இன்னும் பெரிய அலை உடையாமல் சுவர் வரைக்கும் வரும், அது இன்னும் குடையும். கடைசியில் டன் கணக்கில் எடையுள்ள கல்லே அந்தக் குழிக்குள் சரிந்து இறங்கிவிடுகிறது. அதனால்தான் எந்த ஊரிலும் கல் சுவர் ஒரு தடவை கட்டி முடிகிற வேலையாக இருப்பதில்லை. சில வருஷத்துக்கு ஒருமுறை மேலே கல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குத்தகைக்காரர்களுக்கு இது ஒரு குறையாகப் படாது என்பது வேறு விஷயம்.

சுவர் பின்னால் இருக்கும் வீட்டைக் காப்பாற்றுவதில்லை என்று நான் சொல்லவில்லை. காப்பாற்றும். ஒரு ராத்திரி, ஒரு பருவம், சில இடங்களில் பத்து இருபது வருஷம். கடல் வாசலில் நிற்கும்போது கல் கேட்கிற அம்மாவிடம் மணல் நகர்வைப் பற்றி வகுப்பு எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. ஆனால் அது காப்பாற்றுவது வீட்டை, கரையை அல்ல. சுவருக்கு முன்னால் இருந்த மணல் போய்விடும். சுவரைத் தாண்டி விழும் தண்ணீர் திரும்ப வழி இல்லாமல் வீடுகளுக்கு நடுவில் நாள் கணக்கில் தேங்கும். மணல் மேட்டுக்கு அடியில் மிதந்துகொண்டிருந்த நல்ல தண்ணீர் கிணற்றில் உப்பு ஏறுவதைக் கல் தடுக்காது, கல்லுக்கு நடுவில் அத்தனை இடுக்கு. அப்புறம், சுவர் முடியும் இடம் இருக்கிறதே, அங்கேதான் விஷயம். சுவரின் நுனியைச் சுற்றிக்கொண்டு அலை பக்கவாட்டில் தின்னும். கல் போட்ட ஊரின் கடைசி வீட்டுக்கும் கல் போடாத ஊரின் முதல் வீட்டுக்கும் நடுவில் கரை பிறை மாதிரி உள்வாங்கி இருப்பதை எந்தக் கடற்கரையிலும் பார்க்கலாம். அப்புறம் அந்த ஊர்க்காரர்கள் ரோட்டில் உட்காருவார்கள், அவர்களுக்கும் கல் வரும், நுனி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும்.

கொச்சிக்குப் பக்கத்தில் செல்லானத்தில் இது அண்மையில் அப்படியே நடந்தது. பல வருஷம் கடலில் முங்கிக் கிடந்த ஊர் அது. சுமார் 7 கிலோமீட்டருக்கு டெட்ராபாட் எனும் நான்கு கால் கான்கிரீட் கட்டிகளை அடுக்கி, கூடவே புலிமுட்டுகளும் கட்டினார்கள். செல்லானத்துக்காரர்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகு மழைக்காலத்தில் நிம்மதியாகத் தூங்கினார்கள், அதை மறுக்க முடியாது. வேலை நின்ற இடத்துக்கு வடக்கே கண்ணமாலி பக்கத்து ஆட்கள், முன்பைவிட மோசமாகிவிட்டது, எங்களுக்கும் போடு என்று தெருவுக்கு வந்தார்கள்.

இனி தூண்டில் வளைவு. இது சுவரைவிடக் கெட்டிக்காரத்தனமான வேலை. மணல் நடந்துபோகும் பாதையில் குறுக்கே ஒரு கையை நீட்டி, வா, கொஞ்சம் உட்கார் என்று மணலைப் பிடித்து வைக்கும். பிடித்த பக்கத்தில் கரை வளரும். வள்ளம் ஏற்ற, வலை உலர்த்த, நெத்தோலி காயப்போட இடம் கிடைக்கும். கொக்கியின் உள்பக்கம் அலை அடங்கியிருப்பதால் சின்ன வள்ளங்களுக்கு ஒதுங்க வசதி. அதனால்தான் குமரிக் கரையில் எந்த ஊரில் போய்க் கேட்டாலும், சுவர் வேண்டாம், தூண்டில் வளைவு போட்டுத் தாருங்கள் என்பார்கள். நியாயமான கோரிக்கைதான். ஆனால் அது பிடித்து வைத்த ஒவ்வொரு கூடை மணலும் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்க வேண்டியது. கடலுக்கு மணல் பசி உண்டு, இங்கே கிடைக்காவிட்டால் அடுத்த பக்கத்தில் எடுத்துக்கொள்ளும். வரிசையாகப் பத்து போட்டால் ஒன்பதாவது வரைக்கும் ஒருவழியாகச் சமாளித்துவிடலாம், பத்தாவதுக்கு அப்பால் இருப்பவன் எல்லாவற்றுக்கும் சேர்த்து வட்டி கட்டுவான்.

இந்தக் கரையில் பத்தாவதுக்கு அப்பால் இருப்பது பொழியூர். பெரியப்பாவின் கோபத்தில் இருக்கும் நிஜம் இதுதான். நீரோடியில் தமிழ்நாட்டுப் பக்கம் கல் வந்த பிறகு பொழியூரில் வீடு வீடாகக் கடல் எடுத்தது. பள்ளிக்கூடத்தில் முகாம், ரோடு உடைப்பு, உள்நாட்டில் வாடகை வீடு என்று அந்த ஊரே கலைந்துகொண்டிருக்கிறது. சந்தோஷ் டிராபி ஆட்டக்காரர்களைக் கொடுத்த கால்பந்து ஊர் அது, பையன்கள் ஓடி விளையாடிப் பழகியதே அந்த மணலில்தான். நான் போன அன்றைக்கு நாலைந்து பேர் மணல்மூட்டைகளுக்கு நடுவில், இரண்டு ஆள் அகலத்தில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பந்து கடலுக்குப் போவதும் எடுத்து வருவதுமாகவே ஆட்டம் முடிந்தது.

ஆனால் நீரோடிக்காரர்களை வில்லனாக்க முடியாது. அவர்களுக்கு ஏன் கல் தேவைப்பட்டது? அவர்களுக்குத் தென்கிழக்கே இன்னும் பெரிய ஒரு கல் இருக்கிறது. குழித்துறை ஆறு கடலில் சேரும் இடத்தில் தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகம். ஆறு மலையிலிருந்து கொண்டுவரும் மிச்ச மணலும், குளச்சல் பக்கமிருந்து கரையோரமாக வரும் மணலும் சந்திக்கும் வாயில் இரண்டு நீண்ட கைகளை நீட்டி வைத்தால் மணல் எங்கே போகும்? கொஞ்சம் சுவரின் வெளிப்பக்கம் சேரும், கொஞ்சம் ஆழத்துக்குப் போய்த் தொலையும், மிச்சம் வாசலிலேயே மேடாகக் குவியும். அந்த மேட்டில் அலை திடீரென்று எழுந்து உடைகிறது. அதில் கவிழ்ந்த வள்ளங்கள் பல, இறந்தவர்கள் பலர். நடுக்கடலில் நாற்பது நாள் சுறா பிடித்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பும் தூத்தூர் ஆட்கள், சொந்த ஊர் வாசலில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வர வேண்டியிருக்கிறது. துறைமுகத்துக்கு அடுத்திருக்கும் இரையுமன்துறை ஒரு பக்கம் ஆறும் ஒரு பக்கம் கடலுமாக ஒடுங்கி நிற்கும் ஊர், அங்கிருந்து வடமேற்காக ஒவ்வொரு ஊராகக் கல் கேட்க வேண்டி வந்தது. சங்கிலியின் ஒரு முனை தேங்காய்ப்பட்டணம் என்றால் மறுமுனை பொழியூர். நீரோடி நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு கண்ணி, அவ்வளவுதான்.

கேரளத்துக்குள்ளேயே இதற்கு ஒரு ஜோடி இருக்கிறது, திருவனந்தபுரத்துக்கு வடக்கே முதலப்பொழி. அங்கும் பொழிமுகத்தில் இரண்டு அலைதடுப்புச் சுவர்கள். தெற்கே பெருமாதுறையில் விளையாட்டு மைதானம் மாதிரி மணல் பெருகியது, வடக்கே தாழம்பள்ளி, அஞ்சுதெங்கு பக்கம் வீடுகள் போயின. வாயில் மணல் மூடிமூடி, அங்கே கவிழ்ந்து இறந்த மீனவர்கள் அறுபதுக்கும் மேல். 2025 ஏப்ரலில் வாய் மொத்தமாகவே அடைபட்டு, உள்ளே இருக்கும் வள்ளம் வெளியே போகவோ வெளியே இருப்பது உள்ளே வரவோ முடியாமல் பெரிய தகராறானது.

விழிஞ்ஞத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பக்கத்து ஆட்கள் விடமாட்டார்கள். 2025 மே 2-ஆம் தேதி முறைப்படி திறக்கப்பட்ட அந்தத் துறைமுகத்துக்குக் கடலில் சுமார் மூன்று கிலோமீட்டர் அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். அதற்கு வடக்கே வலியதுறை, சங்குமுகம் கரைகள் அழிவதற்கு அதுதான் காரணம் என்று 2022-இல் மீனவர்கள் நாலு மாதத்துக்கு மேல் போராடினார்கள். துறைமுகத் தரப்பு அரிப்பு முன்பே இருந்தது என்றது. என் அபிப்பிராயம் இது: வலியதுறையில் வீடு போவது துறைமுகத்துக்கு முன்பே தொடங்கிய கதைதான், அது உண்மை. ஏற்கெனவே மெலிந்துபோன கரையில் இன்னொரு பெரிய கல்லைப் போட்டுவிட்டு எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று சொல்வது மட்டும் ஒட்டவில்லை.

எங்கள் பக்கத்துக்கு விழிஞ்ஞத்தோடு இன்னொரு கணக்கு இருக்கிறது. இவ்வளவு கல்லும் எங்கிருந்து வருகிறது? களியக்காவிளை எல்லையில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் போதும். கல்குளம், விளவங்கோடு மலையடிவாரக் குவாரிகளிலிருந்து பத்துச் சக்கரம், பதினாறு சக்கர டாரஸ் லாரிகள் வரிசையாக எல்லை தாண்டும். மார்த்தாண்டம் வழியாகக் காலையில் வேலைக்குப் போகிற எவரையும் கேட்டுப் பாருங்கள், கெட்ட வார்த்தையோடுதான் பதில் வரும். ஒரு கடற்சுவரின் சுற்றுச்சூழல் பாதிப்பைக் கணக்கெடுக்கும்போது கடற்கரையை மட்டும் பார்க்கிறோம். கல் வெட்டிய மலை, வெடிச்சத்தத்தில் விரிந்த சுவர்கள், வற்றிய ஊற்று, குண்டும் குழியுமான சாலை எதுவும் அந்தக் கணக்கில் வராது. அதே மலைதான் சும்மா விட்டிருந்தால் மழையில் கரைந்து, ஆற்றில் உருண்டு, மணலாகிக் கடலுக்குத் தானாகவே வந்திருக்கும். கொஞ்சம் காலம் ஆகும், லாரி வாடகை கிடையாது.

கரையில் உயிரோடு இருந்தவற்றுக்கு என்ன ஆகிறது என்பதற்கு நேரான பதில் இல்லை. மணலுக்குள் புதைந்து வாழும் சின்ன நண்டு, மட்டி, அவற்றைத் தின்ன வரும் பறவை, முட்டையிட ஏறும் பங்குனி ஆமை, மேட்டைப் பிடித்து வைக்கும் அடம்புக்கொடியும் ராவணன்மீசைப் புல்லும் எல்லாம் மணல் இருந்தால்தான் உண்டு. கல் சுவரைத் தாண்டி ஆமை ஏறாது. மறுபுறம், போட்ட கல்லில் ஒன்றிரண்டு வருஷத்தில் பாசி பிடிக்கும், சிப்பி ஒட்டும், பாறை மீன் கூடும். குமரிக் கரையிலும் விழிஞ்ஞத்திலும் சிப்பி பறிப்பது ஒரு தனித் தொழில், அதனால் கல்லால் பிழைப்பவர்களும் உண்டு. ஆனால் இது வயலை அழித்துக் குளம் வெட்டுவது மாதிரி. குளத்திலும் மீன் கிடைக்கும்தான், நெல் கிடைக்காது.

நெல் என்று நான் சொல்வது கரைமடியை. நாற்பது ஐம்பது பேர் இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்துக் கரையில் நின்று இழுக்கும் வலை அது. அதற்குச் சாய்ந்த மணல் கரை வேண்டும், கல் மேல் நின்று இழுக்க முடியாது, வலை கிழியும். கரைமடி நின்றுபோன ஊரில், கடலுக்குப் போக முடியாத வயசாளிக்குக் கிடைத்த பங்கும் நின்றது. கட்டுமரமும் வள்ளமும் கரையேற இடம் இல்லாததால் எல்லோரும் துறைமுகம் தேடிப் போக வேண்டும். பொழியூர் ஆட்கள் விழிஞ்ஞத்துக்கும் முதலப்பொழிக்கும் கொல்லத்துக்கும் போய்க் கிடக்கிறார்கள். மீன் அங்கே இறங்குவதால் ஏலமும் அங்கேதான். பெரியம்மா முன்பு வீட்டு வாசலில் இறங்கி ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே போய் விற்று வருவார். இப்போது விடிவதற்கு முன்பு நாலு பேர் சேர்ந்து ஆட்டோ பிடித்துத் துறைமுகத்துக்குப் போகிறார்கள். ஆட்டோ வாடகை போக மிச்சம் என்ன என்று கேட்டேன். சிரித்தார். அரசாங்கத்தின் சேதப் பட்டியலில் இடிந்த வீடு வரும், இந்த ஆட்டோ வாடகை வராது.

கடலும் முன்பு மாதிரி இல்லை. இங்கே வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருக்கும்போது சத்தமில்லாமல் உயர்ந்து வந்து ஊருக்குள் ஏறும் கடலுக்கு இந்தக் கரையில் கள்ளக்கடல் என்று பேர். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயலில் பிறந்த நீண்ட அலை அது. மீனவர்கள் வைத்த அந்தப் பெயரை 2012-இல் யுனெஸ்கோ தரப்பில் அறிவியல் சொல்லாகவே ஏற்றுக்கொண்டார்கள். 2024 மார்ச் கடைசியில் திருவனந்தபுரத்துப் பூந்துறையிலிருந்து இங்கே வரைக்கும் ஏறியது, அதே ஆண்டு மே மாதம் ராஜாக்கமங்கலம் பக்கம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் இறந்ததும் அப்படி ஒரு நாளில்தான். அகலமான மணல் கரை இருந்தால் இந்த அலை அதில் ஏறி, களைத்து, இறங்கிவிடும். மணல் இல்லாத இடத்தில் சுவர்தான் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் சுவரை இன்னும் உயர்த்து என்ற கோரிக்கை வருவது இதனால்தான்.

இதெல்லாம் புதுசாகக் கண்டுபிடித்த விஷயம் என்றால் மன்னித்துவிடலாம். சென்னைத் துறைமுகத்தை 1870-களில் கட்டத் தொடங்கியபோதே தெற்கே மணல் சேர்ந்து மெரினா விரிந்தது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் தின்றது. நாம் சுண்டல் வாங்கித் தின்கிற மெரினா மணலில் பெரும்பங்கு வடசென்னைக்குப் போயிருக்க வேண்டியது. புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் துறைமுகச் சுவர் வந்தது, வடக்கே நகரக் கடற்கரை மொத்தமும் போய்க் கருங்கல் ஆனது. அந்த அரிப்பு புதுச்சேரி எல்லையோடு நிற்கவில்லை, தமிழ்நாட்டுக்குள் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம் என்று ஏறியது. அங்கே கல் போட்டது அடுத்தவர், கரையை இழந்தது தமிழ்நாடு. இங்கே நீரோடியில் கல் போட்டது தமிழ்நாடு, இழந்தது அடுத்தவர். தந்திராயன்குப்பத்துக்காரர் புதுச்சேரியைப் பார்த்துக் கேட்ட அதே கேள்வியைத்தான் பெரியப்பா என்னிடம் கேட்டார்.

சரி, வேறு வழி உண்டா? உண்டு, ஆனால் எதுவும் ஒரே தடவை ரிப்பன் வெட்டித் திறக்கக்கூடியது அல்ல. துறைமுகம் மறித்த மணலை எடுத்து மறுபக்கம் கொட்டுவது ஒரு வழி. ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று வாயில் 2001 முதல் பம்பு வைத்துக் குழாய் வழியாக அதைச் செய்கிறார்கள், அங்கேயும் அது இரண்டு மாநிலங்களின் எல்லை, இரண்டு அரசும் சேர்ந்தே செய்கின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டாம், விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் தூர்வாரும் மணலை ராமகிருஷ்ணா கடற்கரையில் கொட்டிப் பல வருஷமாகக் கரையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். புதுச்சேரியில் 2018-இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்கு அடியில் ஒரு செயற்கைத் திட்டை இறக்கியது, முப்பது வருஷம் கழித்து நகரத்துக்கு மணல் திரும்பியது. அதைப் பார்த்துவிட்டு எல்லா ஊருக்கும் ஒன்று போடுவோம் என்று கிளம்பக்கூடாது, ஏனென்றால் அதற்கும் வடக்கே பொம்மையார்பாளையம் பக்கம் இன்னும் வீடுகள் விழுகின்றன. கரையைவிட்டு விலகுவதும் ஒரு வழி. கேரளம் புனர்கேகம் என்று, கடலிலிருந்து 50 மீட்டருக்குள் இருப்பவர்கள் உள்ளே குடிபோக 10 லட்சம் ரூபாய் தருகிறது. அந்தக் காசுக்கு இந்தப் பக்கத்தில் மூன்று சென்ட் நிலம் கிடைத்தால் பெரிது, அதுவும் கடல் கண்ணில் படாத இடத்தில்.

தேங்காய்ப்பட்டணம் வாயில் தூர்வாருகிறார்கள். ஆனால் வாரிய மணல் எங்கே போகிறது? அதைக் கரையின் வடமேற்குப் பக்கம், இரையுமன்துறையிலிருந்து ஊர் ஊராகக் கொட்டிக்கொண்டே போனால் நீரோடிக்கும் கிடைக்கும், அலை அதைத் தானே பொழியூருக்கும் கொண்டுபோகும். இதைச் செய்ய பெரிய விஞ்ஞானம் வேண்டாம். வேண்டியது நாலு அலுவலகம் ஒரு மேசையில் உட்காருவது. தமிழ்நாட்டில் துறைமுகம் மீன்வளத் துறையிடம், அரிப்புத் தடுப்புக் கல் நீர்வளத் துறையிடம். கேரளத்தில் துறைமுகப் பொறியியல் துறை ஒன்று, சுவர் கட்டுவது நீர்ப்பாசனத் துறை. ஒவ்வொன்றுக்கும் தன் ஊர், தன் எஸ்டிமேட், தன் மீட்டர் கணக்கு. தமிழ்நாட்டுக் கரை முழுமைக்கும் கரையோர மேலாண்மைத் திட்டம் இல்லாமல் இஷ்டத்துக்குத் தூண்டில் வளைவு போடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சொல்லியிருக்கிறது. நல்ல உத்தரவு. ஆனால் அந்தத் திட்டமும் நீரோடியில் முடிந்து, கேரளத்தின் திட்டம் பொழியூரில் தொடங்கினால், மணல் கணக்கில் அது ஒரு பக்கம் கிழிந்த பேரேடு.

இப்போது பொழியூரில் ஒரு மீன்பிடித் துறைமுகம் கட்டக் கேரள அரசு அறிவித்து, 2024 பட்ஜெட்டில் முதல் பணமும் ஒதுக்கியது. ஊரில் சந்தோஷம்தான். விழிஞ்ஞத்துக்கு ஓட வேண்டாம், ஏலம் வாசலுக்குத் திரும்பும், பெரியம்மாவின் ஆட்டோ வாடகை மிச்சம். தெற்கேயிருந்து வரும் மணலை அந்தச் சுவர் பிடித்தால் பெரியப்பாவின் நாற்காலிக்கு முன்னால் கொஞ்சம் கரையும் வளரலாம். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. நான் கேட்டது ஒன்றுதான்: இங்கே பிடித்தால் அங்கே என்ன ஆகும்?

"அங்க பூவாறு பொழியில்லா" என்றார் பெரியப்பா, அதில் என்ன இருக்கிறது என்கிற மாதிரி. நெய்யாறு கடலில் சேரும் இடம் அது. மணல் திட்டு வளர்ந்து வாயை மூடுவதும், ஆற்று வெள்ளம் வந்தால் உடைத்துக்கொண்டு திறப்பதுமாக இருக்கும் பொழி. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காயல், நடுவில் மெல்லிசாக ஒரு மணல் நாக்கு. சுற்றுலாப் படகுக்காரர்கள் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கி போட்டோ எடுக்க வைக்கும் இடம். அந்த நாக்குக்கு மணல் போவது பொழியூர் கரை வழியாகத்தான். அது மெலிந்தால் பொழி மூடாமலே கிடக்கும், கடல் தண்ணீர் காயலுக்குள் நேராக ஏறும், நெய்யாற்றுக் கரையோர வீடுகளின் கிணறு எவ்வளவு தூரம் உள்ளே உப்பாகும் என்பதைக் கல் இறங்கும் முன்பே அளந்து வைத்துக்கொள்வது நல்லது. பூவாரில் எங்களுக்குச் சொந்தக்காரர் யாராவது உண்டா என்று பெரியம்மாவிடம் கேட்டேன். பெரியப்பாவின் தங்கச்சியை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறதாம்.